தொட்ட இடமும் விழுந்த இடமும்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த வருடத்து வசந்தத்தில், எங்கள் ஆட்கள் எல்லாருடைய வீடும் செத்த வீடு மாதிரிக் கிடந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். சாதாரணச் சந்தோஷம் இல்லை. நெஞ்சு படபடக்கும், வீடு வந்து குளித்த பிறகும் கால் நிலத்தில் பாவாது. டென்மார்க்கில், ஹ்விடோவ்ரேயில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத்தில் ஒரு மைதானம். அதன் ஓரத்தில் கையில் ஒரு செம்மஞ்சள் தடியோடு நான் நின்ற நேரம் அது.

தடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அமெரிக்கக் கால்பந்து விளையாடினான். பெயரில்தான் கால். பந்தைக் கையால் இறுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். எதிரணி ஓடுகிறவனைப் பிடித்து நிலத்தில் விழுத்த வேண்டும். நாலு முயற்சிக்குள் பத்து யார்ட் முன்னேறினால் இன்னும் நாலு முயற்சி கிடைக்கும். அந்தப் பத்து யார்ட்டை அளக்க ஓரத்தில் ஒரு சங்கிலி. சங்கிலியின் இரண்டு முனையிலும் இரண்டு தடி. தடிக்கு ஒரு ஆளாக இரண்டு பெற்றோர். சின்னக் கழகங்களில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ஒரு தாய் கோப்பி விற்பாள், ஒரு தகப்பன் சொசேஜ் வாட்டுவார். நானும் முதல் வருடம் கோப்பிதான் விற்றேன். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் பிள்ளை ஓடுவதை எப்படிப் பார்ப்பது? அடுத்த வருடம் சண்டை பிடித்துச் சங்கிலிக்கு மாறிவிட்டேன்.

அவன் ரன்னிங் பேக். அணி அவன் கையில் பந்தைத் திணித்துவிட்டு வழிவிடும். மிச்சம் அவன் பாடு. மற்றத் தமிழ்த் தாய்மார் இதைக் கேட்டால் நெஞ்சில் கைவைப்பார்கள். "பொடியனை அடிச்சுக் கொல்லப் போறாங்கள், நீரும் பாத்துக்கொண்டு நிக்கிறீர்" என்று ஒரு அக்கா கோயிலில் வைத்தே ஏசினார். எனக்கோ முதல் நாளே இந்த விளையாட்டு விளங்கிவிட்டது. இது கிளித்தட்டு. ஹெல்மெட் போட்ட கிளித்தட்டு, அவ்வளவுதான்.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் கோடையில் நடத்தும் விளையாட்டு விழாவில் பெண்களின் கிளித்தட்டுக்கு நான்தான் நடுவர். நிலத்தில் கோடுகள் கீறி, கோட்டுக்கு ஒருத்தி மறித்து நிற்பாள். மற்ற அணிக்காரர் அவள் கை படாமல் கோடுகளைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். ஒரு விரல் பட்டாலும் போச்சு. அங்கே என் கண்ணுக்குத் தப்பி ஒருத்தியும் தாண்டியதில்லை. ஒருமுறை பின்னல் நுனியில் கை பட்டது, படவில்லை என்று பெரிய சண்டை வந்தது. பட்டதுதான். நான் கண்டேன். அந்தப் பின்னல்காரி ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும்.

வீட்டில் நிலைமை வேறு. என் கணவர் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். வேலையோடு வேலையாக அங்கே தில்லிஸ்மன். அதாவது முதலாளியோடு பேசுவதற்குத் தொழிலாளர்களே வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்த ஆள். ஒப்பந்தம், கடிதம், எச்சரிக்கை என்று எது வந்தாலும் மற்றவர்கள் அவரிடம்தான் கொண்டு ஓடுவார்கள். எந்தக் கடதாசியையும் அவர் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். "கள்ளன் பின்கதவாலதான் வருவான்" என்பார். கதைக்கத் தொடங்கினால் நிற்பாட்ட ஏலாத மனிதர். என் நடுவர் உத்தியோகத்தைப் பகிடி பண்ணுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

அந்த வசந்தத்தில் அவர் வேலை முடிந்ததும் நேரே நகரசபைச் சதுக்கத்துக்குப் போய் யுத்தத்தை நிற்பாட்டச் சொல்லி மற்றவர்களோடு பதாகை பிடித்து நின்றார். அவருடைய அக்கா குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டிருந்தது. ஜனவரிக்குப் பிறகு ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை. மே நடுப்பகுதியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி, தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டு, சோபாவில் படுத்தார். அதற்குப் பிறகு அவர் எழும்பவில்லை என்றே சொல்லலாம். வேலைக்குச் சுகவீன விடுமுறை சொன்னோம். கேட்டால் "ஓம்", "இல்லை". அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஜூன் மாதத்தில் அக்கா குடும்பம் முகாமில் இருப்பதாக யாரோ சொன்ன தகவல் வந்தது. குடும்பம் என்றால் யார் யார் என்று தெரியவில்லை. அதற்கும் அவர் "ஓம்" என்றார்.

அப்படியொரு வீட்டிலிருந்துதான் நான் ஞாயிறு தோறும் சைக்கிளை எடுத்தேன். எனக்கு மட்டும் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். கிழமை முழுவதும் முதியோர் இல்லத்தில் வயோதிபரைக் குளிப்பாட்டும்போது அழுதுகொண்டுதான் குளிப்பாட்டினேன். ஆனால் தடியைக் கையில் எடுத்து, மகன் குனிந்து காலை ஊன்றுவதைக் கண்டால் எல்லாம் மறந்து போகும்.

மே கடைசியில் ஒரு ஞாயிறு, மழை. பயிற்சியாளர் ஓடி வந்து என் காதுக்குள் ஜேர்மனியிலிருந்து ஒரு ஆள் வந்திருக்கிறார் என்றார். பயிற்சியாளர் பகலில் தச்சு வேலை செய்கிற டெனிஷ்காரர், காதுக்குப் பின்னால் எப்போதும் பென்சில். ஜேர்மனியில் இந்த விளையாட்டுக்குச் சம்பளம் கொடுக்கிற கழகங்கள் இருக்கின்றன என்பதும், அந்த ஆள் பார்க்க வந்தது என் மகனை என்பதும் எனக்கு ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. என் கையில் தடி சாய்ந்துவிட்டது. தடியை நேராகப் பிடி என்று மற்ற முனையில் நின்ற தகப்பன் கத்தினார்.

மகனிடம் பந்து போனது. இடப்பக்கம் இரண்டு எட்டு வைத்தான். அது சும்மா, கிளித்தட்டில் முதல் எட்டு எப்போதும் பொய்தான். மறிப்பவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததும் வலப்பக்கம் வெட்டினான். ஒருவன் அவனுடைய தோளில் கை போட்டான். நான் மனதுக்குள் "பட்டுட்டுது" என்றேன், பழக்க தோஷம். ஆனால் அவன் நிற்கவில்லை. தோளைச் சிலுப்பி அந்தக் கையை உதறிவிட்டான். அடுத்தவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். அவனையும் இழுத்துக்கொண்டு சேற்றுக்குள் நாலு எட்டு. மூன்றாவது ஆள் வந்து மேலே விழுந்த பிறகுதான் சரிந்தான். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு புது இடத்துக்கு ஓடும்போது நான் வழுக்கி விழுந்தேன். எழும்பி மறுபடி ஓடினேன். என் நாற்பத்தாறு வயதில் அப்படி ஓடியதே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் அந்த ஜேர்மன் ஆள் பயிற்சியாளரிடம் ஒன்று கேட்டார். தான் பார்த்தது ஒரு ஆட்டம். இந்தப் பருவத்து மற்ற ஆட்டங்களின் கணக்கு வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் எத்தனை யார்ட், ஒவ்வொன்றாக. கழகத்தில் அப்படி ஒரு கணக்கும் இல்லை. ஆனால் என்னிடம் இருந்தது. முதல் ஆட்டத்திலிருந்தே ஒரு கொப்பியை மழைச்சட்டைப் பையில் வைத்திருந்து, மகன் ஓடின ஓட்டம் ஒவ்வொன்றையும் இடைவேளையில் குறித்து வந்தேன். பயிற்சியாளர் ஒரு படிவம் தந்தார். "நீதான் எழுத வேண்டும். உன்னைவிட உன்னிப்பாக யாரும் பார்க்கவில்லை" என்றார். டெனிஷில் எல்லாரும் எல்லாருக்கும் நீதான்.

இந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பெற்ற தாய் எழுதிய கணக்கென்றால் கூட்டித்தான் எழுதியிருப்பாள் என்று உலகம் சொல்லும். நான் நடுவர். பின்னல் நுனிக்கே விட்டுக்கொடுக்காதவள். என் பிள்ளைக்கு ஒரு அங்குலம்கூடக் கூட்டிப் போடமாட்டேன் என்று பிடிவாதமாக மேசைக்கு முன்னால் இருந்தேன். கொப்பியில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் யார்ட் குறித்த ஒரு கோடும் அதில் இரண்டு அடையாளமும் இருந்தன: எதிராளியின் கை முதலில் பட்ட இடத்துக்கு ஒரு புள்ளி, விழுந்த இடத்துக்குப் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி. புள்ளடிவரை எண்ணுவதுதான் அந்த விளையாட்டின் வழக்கம் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. கை படாமல் ஓடியது திறமை. பட்ட பிறகு போனது ஓட்டமா? அது இழுபறி. அதற்கும் சேர்த்து மதிப்புக் கேட்பது எனக்கு அளாப்பிக் கள்ள ஆட்டம் விளையாடுவது போலப் பட்டது. ஆகவே புள்ளிவரை மட்டும் எண்ணிப் படிவத்தை நிரப்பினேன். நேர்மையாக இருந்துவிட்டேன் என்று பெருமையாக வேறு இருந்தது. பயிற்சியாளர் அதைப் பார்க்காமலே ஜேர்மனிக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டு கிழமை கழித்துப் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு பயிற்சியாளர் ஒரு பின்னேரம் வீட்டுக்கே வந்துவிட்டார். மேசையில் பருத்தித்துறை வடை வைத்தேன், தொடவில்லை. மகன் நின்றபடியே வாசித்தான். அடுத்த பருவத்துக்கு மாற்று ஆட்டக்காரனாக வரலாம். மூன்று பேரோடு ஒரு அறை, கழகத்தில் சாப்பாடு, பஸ் டிக்கட். சம்பளம் இல்லை. நேரில் பார்த்தபோது பிடித்திருந்தது என்றும், ஆனால் மற்ற ஆட்டங்களின் சராசரி மிகவும் குறைவு என்றும் எழுதியிருந்தார்கள்.

மகன் கடதாசியை நாலாக மடித்தான். அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும்.

"ஒரு ஓட்டத்துக்கு மூன்று யார்ட்டா?" என்று பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். "நான் அங்கேதானே நின்றேன். ஒன்பது போன ஓட்டமெல்லாம் எங்கே?"

எழும்பிப் போய்க் கொப்பியைக் கொண்டு வந்து விரித்தேன். புள்ளி என்ன, புள்ளடி என்ன என்று சொன்னேன். மகன் டெனிஷில், "அம்மா, நீ என்னை ஒவ்வொரு முறையும் பாதியில் நிற்பாட்டிவிட்டாய்" என்றான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுட்டது. ஊரிலே ஒருத்தரும் கெடுக்கவில்லை. பெற்ற நானே என் பிள்ளையின் மதிப்பைக் குறைத்து எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பயிற்சியாளர் மட்டும் கொப்பியை விடவில்லை. காதுக்குப் பின்னாலிருந்த பென்சிலை எடுத்து ஒரு பக்கத்தில் ஏதோ எழுதினார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். அவருடைய கழுத்து மெல்ல மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. பிறகு வடையை எடுத்து ஒரே கடியில் பாதியை முடித்தார்.

"புள்ளியிலிருந்து புள்ளடிவரை உள்ள தூரத்தைக் கவனித்தாயா?" என்றார். "கை படுவதற்கு முன் போன தூரத்தைவிட, பட்ட பிறகு போன தூரம் கூட. ஏறத்தாழ எல்லா ஓட்டத்திலும். திறந்த இடத்தில் எவனும் ஓடுவான். பிடிபட்ட பிறகு எவ்வளவு போகிறான் என்பதைத்தான் இந்த விளையாட்டில் எல்லாரும் தேடுகிறார்கள். எங்களைப் போலச் சின்னக் கழகத்தில் அதை எழுதி வைக்க யாருக்குப் பொறுமை இருக்கு? முதல் கை எங்கே பட்டது என்று எந்தப் பைத்தியம் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டு நிற்கும்?"

பைத்தியம் என்று சொன்னதற்கு அன்றைக்கு நான் கோபிக்கவில்லை.

அன்றைக்கே மேசையிலிருந்து ஜேர்மனிக்குத் தொலைபேசி எடுத்தார். அடுத்த நாள் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் நானே நூலகத்தில் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன், தமிழில் கிறுக்கியதெல்லாம் சேர்த்து. ஒரு ஓட்டத்துக்குப் பக்கத்தில் "என்ர ராசா" என்று எழுதியிருந்ததும் போய்விட்டது. அவர்களும் பயிற்சியாளர் அனுப்பிய ஒன்றிரண்டு வீடியோவோடு புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். ஒரு புள்ளிகூடப் பிழைக்கவில்லையாம். பிழைக்குமா?

ஐந்தாம் நாள் புது ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்தது. முதல் ஓட்டக்காரன். தனி அறை. மாதச் சம்பளம், பின்னேரத்தில் மொழி வகுப்பு. மகன் கடதாசியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு குசினிக்கும் வரவேற்பறைக்கும் இடையில் நாலு தரம் ஓடினான். நானும் அவனுக்குப் பின்னால் ஓடினேன். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையில் இடித்தார். ஓடின ஓட்டத்தில் ஒவ்வொரு தரமும் சோபாவைச் சுற்றித்தான் போனோம். சோபாவில் கிடந்தவர் கண்ணைத் திறக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. உடனே என்மேலும் வந்தது.

"பேனை எங்கை?" என்று மகன் கேட்டான். தமிழில் கேட்டான், அவ்வளவு சந்தோஷம்.

"பொறடா தம்பி. வாசிச்சிட்டு வை."

"எல்லாரும் இதிலதான் கையெழுத்து வைக்கினம் அம்மா. ஒரே கடதாசிதான்." பிறகு எனக்காக முதல் பக்கத்திலிருந்து டெனிஷில் வேகவேகமாக மொழிபெயர்த்து வாசித்தான். பயிற்சி நேரம், உடுப்பு, சம்பளம் வரும் நாள். எல்லாம் எனக்குச் சங்கீதமாகக் கேட்டது. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் வேகம் இன்னும் கூடியது. நாலு கிழமைக்கு மேல் காயத்தால் விளையாட முடியாமல் போனால் கழகம் அன்றோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம், அறையையும் விட வேண்டும் என்று வாசித்துவிட்டுப் பேனையைத் தேடினான்.

"கொண்டா பாப்பம்."

இரண்டு பேரும் திரும்பினோம். ஒரு மாதத்துக்கு மேலாக "ஓம்", "இல்லை" தவிர வேறொன்றும் கேட்காத குரல். கரகரத்துக் கிடந்தது. என் கணவர் எழும்பி இருந்தார். தலைமயிர் ஒரு பக்கம் நட்டுக்கொண்டு நின்றது. கையை நீட்டினார். மகன் கடதாசியைக் கொடுத்தான். நான் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அவசரத்தில் ஒருமுறை கீழே போட்டும் விட்டேன்.

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார். வாசித்தார். திரும்ப வாசித்தார்.

"இஞ்சரும்," என்றார் என்னைப் பார்த்து, "இதென்ன, உம்மட கிளித்தட்டுச் சட்டமெல்லோ எழுதியிருக்கிறாங்கள். தொட்டவுடனே ஆள் வெளியே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் சிரிக்கவில்லை. நான் தேடி எடுத்துக் கொடுத்த பேனையால் ஓரத்தில் ஒரு கோடு போட்டார்.

"அடிபடுறதுதான் இவன்ர வேலை. வேலையில அடிபட்டவனை நாலு கிழமையில றோட்டில விடுறதெண்டால் நான் ஒருநாளும் கையெழுத்து வைக்க விடன். சுகப்படுத்தி எழுப்புமட்டும் அவையின்ர பொறுப்பு. சம்பளமும் அறையும் அதுவரைக்கும் இருக்கோணும். இதை மாத்தி எழுதச் சொல்லு."

"அப்பா, அவங்கள் வேண்டாமெண்டு விட்டிட்டால்?" மகனுடைய முகம் வெளிறிவிட்டது. அந்த ஒரு வரிக்காக எல்லாம் போய்விடுமே என்று எனக்கும் பயம்தான்.

"விடமாட்டாங்கள். விட்டால், உன்ர மதிப்பு அவங்களுக்கு விளங்கேல்லை எண்டு அர்த்தம்." சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "எனக்கொரு தேத்தண்ணி போடும்."

பயிற்சியாளர் மூலம் அதை அப்படியே எழுதி அனுப்பினோம். மூன்று நாள் பதில் வரவில்லை. அந்த மூன்று நாளும் மகன் தகப்பனோடு கதைக்கவில்லை. தகப்பனோ கதைக்கத் தொடங்கிவிட்டார். குளித்தார், முகம் வழித்தார், தொழிற்சங்கத்துக்கு இரண்டு முறை தொலைபேசி எடுத்துச் சந்தேகம் கேட்டார். நான் வேலையிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு அழைத்தேன். நாலாம் நாள் பயிற்சியாளர் கொண்டு வந்த கடதாசியில் அந்தப் பந்தி மாறியிருந்தது. காயப்பட்டால் பருவம் முடியும்வரை சம்பளம், அறை, வைத்தியம். ஜேர்மன்காரர் "வீட்டில் ஒரு வக்கீல் இருக்கிறாரா?" என்று கேட்டாராம். மகன் கையெழுத்து வைத்துவிட்டுத் தகப்பனைக் கட்டிப் பிடித்தான். எங்கள் வீட்டில் ஆண்கள் கட்டிப் பிடிக்கிற வழக்கமே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அவனுடைய முதுகில் தட்டிக்கொண்டே நின்றார்.

அடுத்த ஞாயிறு நான் சைக்கிளை எடுக்க, அவரும் எடுத்தார். மைதானத்தில் மற்றத் தடிக்கு ஆள் வந்திருக்கவில்லை. யாரும் கேட்பதற்கு முன் அதை அவர் பிடித்துக்கொண்டார். சங்கிலிக்காரர் நடுவர் கை காட்டாமல் அசையக் கூடாது என்று மூன்று தரம் சொன்னேன். "ஓம் ஓம், விளங்குது" என்றார்.

மகனிடம் பந்து போனது. இடப்பக்கம் இரண்டு பொய் எட்டு, வலப்பக்கம் வெட்டு. எதிரணியில் ஒரு பெரியவன் வந்து விலாவில் மோதினான். சத்தம் எங்களுக்கே கேட்டது.

"தொட்டிட்டாங்கள்" என்றேன், பழக்கத்தில்.

"தொட்டால் என்ன? விழேல்லை, பாரும். விழேல்லை." அவருடைய குரல் உடைந்தது. "இன்னும் விழேல்லையப்பா."

சொல்லிக்கொண்டே தடியைத் தூக்கிக்கொண்டு மகனுக்குச் சமமாக ஓரத்தில் ஓடத் தொடங்கிவிட்டார். நடுவர் விசில் ஊதினார், கத்தினார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சங்கிலியின் மற்ற முனையில் நான் நின்றேனே, என்னையும் இழுத்துக்கொண்டுதான் ஓடினார்.